அது எங்க வழி இல்லீங்க

2016 தை மாசம் எங்கள் ஊருக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மனிதப் புவியியல் படிக்கிறவர். கிராமத்துப் பிள்ளைகள் தாங்கள் வாழும் இடத்தை எப்படி அறிந்துகொள்கிறார்கள், எங்கே போகிறார்கள், எங்கே விளையாடுகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. தெரிந்த பேராசிரியர் ஒருவர் கேட்டுக்கொண்டதால் மொழிபெயர்ப்புக்கு நான் கூடப் போனேன். காங்கயத்துக்குக் கிழக்கே இருக்கிறது ஊர். ஊரின் தெற்குக் கடைசியில் நான் பிறந்த மாதாரி வளவு. வாத்தியார் வேலை கிடைத்து நான் கோவைக்கு வந்து முப்பது வருசம் ஆகப்போகிறது.

வளவு வேப்பமரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு தாள், கலர் பேனா. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகும் வழியை வரையச் சொன்னார். அஞ்சாவது படிக்கும் ஒரு புள்ள தன் வீட்டைப் போட்டாள், தண்ணிக் குழாயைப் போட்டாள், கோழி ஒன்றையும் போட்டாள். அப்புறம் இட்டேறி. வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தைக் கொங்கில் இட்டேறி என்போம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்டு, வேலிமேல் ஓணானையும் உட்கார வைத்திருந்தாள். அந்த இட்டேறி ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் சேர்ந்தது. மாரியம்மன் கோயில் வழியாகப் பள்ளிக்கு நேரே போகும் ஊர்த்தெருவை மட்டும் ஒரே ஒரு கோடாக இழுத்திருந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் வீடு இல்லை, அந்தப் பக்கமும் வீடு இல்லை. ஓணானுக்கு இருந்த இடம் ஊர்க்காரர்களின் மச்சு வீடுகளுக்கு இல்லை.

நேர்வழி இருக்கும்போது ஏன் சுற்றிப் போகிறாய் என்று மாணவி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"அது எங்க வழி இல்லீங்க" என்றது புள்ள.

இந்த நாலு சொல்லையும் நான் ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னேன்: இந்தப் பிள்ளைகளுக்கு இட்டேறி வழிதான் பிடிக்கும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மாணவிக்கு நாற்காலி கொண்டுவந்து போட்ட ஊர்ப் பெரியவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் சொன்னபிறகுதான் எங்களை வளவுக்குள் உட்காரவே விட்டார்கள். நாளைக்கு நான் பஸ் ஏறிவிடுவேன், அந்தப் புள்ளையின் அப்பன் அவர் தோட்டத்துக்குத்தான் வேலைக்குப் போகவேண்டும். இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரப் பெண் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு வருசம் கழித்து அவர் எழுதியதன் சுருக்கத்தை எனக்கு அனுப்பினார். இந்த ஊர்ப் பிள்ளைகள் நேர்சாலையைத் தவிர்த்து, செடியும் உயிர்களும் நிறைந்த இயற்கை வழியைத் தாங்களே தேர்ந்துகொள்கிறார்கள் என்ற பொருளில் ஒரு பத்தி அதில் இருந்தது. அந்தப் பொய் அவருடையதல்ல, என்னுடையது. பிள்ளை பேசினால் போதும், ஆய்வு மாறிவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை பேசத்தான் செய்தது.

*

அந்தத் தாளை என்னிடம் கொடுத்திருந்தால் நான் எதை வரைந்திருப்பேன்?

1981இல் எனக்கு ஏழு வயசு. பாட்டன் சாவுக்கு வாங்கிய இருநூறு ரூபாய்க்காக என்னைத் தோட்டத்தில் விட்டார்கள். இருபத்திரண்டு உருப்படி ஆடு. வருசக் கூலியாகத் தானியம் அப்பனுக்குப் போகும், கடனில் கழித்தது போக. எனக்குக் கூழும், தீபாவளிக்கு ஒரு டவுசரும். என் போசி கட்டுத்தறிக் கூரையில் சொருகியிருக்கும். நானே எடுத்துக்கொண்டு வந்து குந்தவேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே சொருகவேண்டும்.

எங்கள் வீட்டு மொழி தெலுங்கு. கொங்கில் அருந்ததியர் பலருக்கும் அப்படித்தான். வளவின் கடைசி வீட்டைத் தாண்டும்போது நாக்கு மாறும். அம்மா தெலுங்கில் சொல்லி அனுப்பியதை நான் தோட்டத்தில் தமிழில் சொல்வேன். மொழிபெயர்ப்பு வேலை எனக்கு ஏழு வயசிலேயே ஆரம்பித்துவிட்டது. எதைச் சொல்லலாம், எதை விழுங்கிவிடவேண்டும் என்பதும் அங்கேதான் பழக்கம்.

கொறங்காட்டில் எனக்குத் தெரியாதது கிடையாது. எந்த வெள்வேல மரம் முதலில் காய் உதிர்க்கும், கொழுக்கட்டைப் புல் எங்கே மழைக்கு முந்திக்கொள்ளும், வேலியில் எந்தப் பொத்தலில் குட்டி நுழைந்து ஓடும், எந்த இட்டேறியில் மழை பெய்தால் முழங்கால் அளவு சேறு நிற்கும், எல்லாம் அத்துபடி. இதோடு இன்னொரு படிப்பும் இருந்தது. தோட்டத்துக் கிணற்றில் இறங்கக் கூடாது. மேட்டில் நின்று "சாமி, தண்ணி" என்று கூவினால், மனசு வந்தவர்கள் கையில் ஊற்றுவார்கள். சாளை வாசலில் எதுவரை வரலாம் என்பதற்குக் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. உரல் கிடக்கிற இடம் வரை. ஒருநாள் குட்டி ஓடியதென்று உரலைத் தாண்டிவிட்டேன். அன்றைக்கு விழுந்த சாட்டைவார் அடியோடு அந்தக் கோடு எனக்கு நன்றாகத் தெரிந்துபோனது.

அதே கொறங்காட்டில் பண்ணாடி மகனும் லீவு நாளில் ஆடு மேய்க்க வருவான். அவனுக்கும் ஏழு வயசு. ஒரே ஆடு, ஒரே காடு, ஒரே வெய்யில். இரண்டு பேரும் கிட்டிப்புள் ஆடுவோம். கிட்டியை நானும் தொடலாம். அவன் தண்ணிச் சொம்பைத் தொடக் கூடாது. அவன் என்னை "டேய்" என்பான், நான் அவனைச் "சின்னப் பண்ணாடி" என்பேன். பொழுது சாய்ந்தால் அவன் உரலைத் தாண்டி உள்ளே போவான். கொங்கு நாட்டுக் குழந்தைப்பருவம் என்று யாராவது எழுதினால், எனக்கு உடனே இந்த உரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. எந்தப் பிள்ளையைக் கேட்டு எழுதினீர்கள்? உரலுக்கு அந்தப் பக்கம் இருந்தவனையா, இந்தப் பக்கம் இருந்தவனையா?

1982 ஜூலை முதல் தேதி எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே பண்ணாடி வளவு முனைக்கு வந்து நின்றார். "பையன உட்டுட்டாக் கணக்க ஆரு தீக்கறது?" என்றார். கணக்கை அக்கா தீர்த்தாள். அவளுக்குப் பத்து வயசு. என் போசியையே எடுத்துக்கொண்டு போனாள்.

என் கல்வியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சத்துணவு, வாத்தியார், அம்மாவின் பிடிவாதம் என்று சொல்லி வந்திருக்கிறேன். அக்காவைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

*

எங்கள் ஊரைத் தாளில் முதலில் வரைந்தவர்கள் பிள்ளைகள் அல்ல. 1802இல் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். அப்புறம் வருவாய்த் துறை அளவை வந்தது, ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு புல எண் வந்தது. 1887இல் எஃப். ஏ. நிக்கல்சன் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதினார். மண், மழை, கிணறு, மாடு, வரி எல்லாம் அதில் விலாவாரியாக இருக்கும். எழுதியவர் வெள்ளைக்காரர்தான். ஆனால் வெள்ளைக்கார அதிகாரிக்கு ஊரைப் படித்துச் சொன்னது யார்? மணியகாரரும் கணக்குப்பிள்ளையும். அவர்கள் எங்கே நின்று ஊரைப் பார்த்தார்களோ அங்கிருந்துதான் அவரும் பார்த்தார். பட்டா உள்ளவனுக்குப் பெயர் உண்டு, எண் உண்டு. அந்த எண்ணுக்குள் ஆடு ஓட்டிய பையனுக்கு வரியும் இல்லை, அதனால் பெயரும் இல்லை. இட்டேறி வண்டிப்பாதை என்று பதிவானது. அதில் யார் நடக்கவேண்டும், எந்தத் தெருவில் யார் நடக்கக் கூடாது என்பதற்குப் பதிவேட்டில் கலம் கிடையாது. சாதி போட்ட கோட்டின்மேல் சர்க்கார் சங்கிலி போட்டது, இரண்டுக்கும் சண்டை வரவில்லை.

வயசு விஷயத்திலும் இதே உடன்பாடுதான். ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1859இல் அவர் எழுதிய சுதந்திரம் பற்றிய நூல் இன்றும் கல்லூரிகளில் பாடம். தனிமனித சுதந்திரம் என்ற கொள்கை சிறு பிள்ளைகளுக்குப் பொருந்தாது, பின்தங்கிய சமூகங்களுக்கும் பொருந்தாது, அவையும் பருவம் எய்தாதவையே என்பது அவர் வாதம். ஆளப்படுகிறவன் எப்போதும் பிள்ளை, ஆள்கிறவன் எப்போதும் பெரியவன். பங்களாத் துரை தலை நரைத்த வேலைக்காரனையும் 'பாய்' என்றுதான் கூப்பிட்டான்.

எங்கள் பக்கத்தில் இதற்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. அறுபது வயசில் என் பாட்டன் 'மாதாரிப் பையன்'. எட்டு வயசுச் சின்னப் பண்ணாடி அவரை "வாடா, போடா" என்பான். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "வர்றனுங்க சாமி" என்பார். குழந்தைப்பருவ ஆய்வுகள் வயசை வைத்துத் தொடங்குகின்றன. எங்கள் வளவில் ஏழு வயசுப் பிள்ளை வீட்டுக்கடனைச் சுமக்கிற ஆள், அறுபது வயசு ஆள் பையன். பிள்ளைக்குப் பிள்ளைப்பருவம் கிடையாது, பெரியவனுக்கு அது முடிவதே கிடையாது. இதை எந்த வயசுக் கட்டத்தில் குறிப்பீர்கள்?

*

இப்போது ஆய்வுலகில் காலனிய நீக்கம் பற்றிப் பேசுகிறார்கள். பேசவேண்டியதுதான். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியே 1960லேயே, குழந்தைப்பருவம் என்று தனியாக ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளில் உருவான எண்ணம் என்று வாதிட்டார். அந்த எண்ணத்தை அளவுகோலாக்கி உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் அளந்து, தேறாதவர்களைத் 'தொலைந்த குழந்தைப்பருவம்' என்று சுவரொட்டி அடிக்கிறார்கள். எங்கள் வளவுப் பிள்ளைகளையும் அப்படிப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சாரதா பாலகோபாலன் கல்கத்தாத் தெருப் பிள்ளைகளைப் பற்றி 2014இல் வெளியிட்ட நூல் இந்த அளவுகோலைக் கேள்வி கேட்கிறது. புவியியலாளர் சிண்டி காட்ஸ் சூடான் நாட்டுக் கிராமம் ஒன்றில் ஆடு மேய்க்கும், விறகு பொறுக்கும் பிள்ளைகளோடு பல காலம் இருந்து 2004இல் நூல் எழுதினார். அரசாங்கப் பாசனத் திட்டம் வந்ததும் மேய்ச்சலும் விறகும் எட்டப் போய்விட்டன, பிள்ளைகள் நடக்கும் தூரம் கூடிவிட்டது என்று அவர் காட்டுகிறார். படித்தபோது எனக்குக் கொறங்காடு கண்ணில் நின்றது. ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது அந்தப் பிள்ளை தீர்மானிக்கிற விஷயமல்ல.

எனக்குப் பயம் வேறோர் இடத்தில். வெள்ளைக்காரன் அளவுகோல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே 'நம் மண்ணின் மரபில் வேலையும் விளையாட்டும் கல்வியும் ஒன்றாக இருந்தன' என்று சிலர் ஆரம்பித்துவிடுகிறார்கள். யார் மண்? எந்த மரபு? ஆட்டைப் பற்றி எனக்கு இருந்த அறிவு உண்மையானது, அதை யாரும் சிறுமைப்படுத்த விடமாட்டேன். ஆனால் அந்த அறிவு இருநூறு ரூபாய்க் கடனுக்கு வட்டியாக வந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யைப் படித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வெள்ளைக்காரனின் படத்தைக் கிழித்துவிட்டு அடியில் இருக்கும் பண்ணாடியின் படத்தைக் கும்பிடச் சொன்னால், அதற்குப் பெயர் காலனிய நீக்கம் அல்ல.

இது வெறும் புத்தகச் சண்டை இல்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1989இல் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது, 1992இல் இந்தியா அதில் சேர்ந்தது. 2016இல் சட்டத்தைத் திருத்தி, பதினாலு வயசுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றார்கள். கூடவே, பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். மரபைக் காப்பாற்றுகிற விலக்காம். நிலம் உள்ள குடும்பத்துக்கு நிலம் தொழில். எங்களுக்குக் குடும்பத் தொழில் எது? என் தாத்தன் தைத்த செருப்பா, செத்த மாட்டைத் தூக்கிப் போட்டதா?

பண்ணையம் குறைந்துவிட்டது என்கிறார்கள். குறைந்துதான் இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனி எங்கள் சனத்துக்குத் தோட்டத்தைவிட்டு வெளியேற ஒரு கதவைத் திறந்தது, அதை மறுக்கமாட்டேன். அந்தக் கதவு வழியாகப் பிசிறு வெட்டப் பிள்ளைகளும் போனார்கள். அக்காவின் மகள் பதினாறு வயசில் சுமங்கலித் திட்டத்தில் ஒரு மில்லுக்குப் போனாள். மூன்று வருசம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று பேச்சு. மூன்று வருசமும் மில், விடுதி, மில். அவளை ஊர்ப்படம் வரையச் சொன்னால் ஒரு காம்பவுண்டுச் சுவரைத்தான் போடுவாள்.

பள்ளிக்கூடம் பொது இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2018 ஜூலையில் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் முதலில் அந்த அம்மாவைத்தான் இடம் மாற்றினார்கள், எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்தப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு எழுத்தைக் கொடுத்தது அந்தச் சத்துணவு. அதைச் சமைக்கும் கை எங்கள் கையாக இருந்தால் அங்கேயும் ஓர் உரல் வந்து கிடக்கிறது.

2019 டிசம்பர் 2ஆம் தேதி விடிவதற்கு முன், மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய மதில் ஒன்று தலித் குடியிருப்பின்மேல் சாய்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். பிள்ளைகளும் அதில் உண்டு. தன் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தகப்பன் அவர்களுடைய கண்களைத் தானம் செய்தார். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டிருந்தோம் என்று மக்கள் சொன்னார்கள். நடூர்ப் பிள்ளைகளிடம் அதற்கு முந்தின வாரம் யாராவது தாளும் பேனாவும் கொடுத்திருந்தால், அந்த மதிலை எவ்வளவு உயரமாக வரைந்திருப்பார்கள் என்று நான் பலநாள் நினைத்ததுண்டு.

*

போன வருசம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அந்த மொழிபெயர்ப்புக் கதையை அக்காவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள்.

"இட்டேறி புடிச்ச வழியா? எனக்குப் புடிச்சது மாரியாத்தா கோயில் தெருதான் கண்ணு. அங்கதான நெழலு இருந்துச்சு. இட்டேறில நெருஞ்சி முள்ளும் வெய்யிலும் ஆருக்குப் புடிக்கும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்:

"நீ பள்ளிக்கூடம் போனதுக்கப்பறம், அந்த மணி அடிக்கறது கொறங்காட்டுக்குக் கேக்கும். சோத்து மணிக்கு ஆட்டத் தண்ணிக்கு ஓட்டுவேன். உடற மணிக்குப் பட்டிக்குத் திருப்புவேன். அந்த மணிய வெச்சுத்தான் எனக்குப் பொழுதே."

நாற்பது வருசத்துக்கு மேலாக என்னிடம் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னாள். அவளைக் 'கல்வி மறுக்கப்பட்டவள்' என்று ஒரு கட்டத்தில் குறித்துவிடலாம். பள்ளிக்கூடம் அவளுக்கு இல்லாமல் இல்லை. காட்டில் நிற்கும் பிள்ளைக்கு நாளெல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்த மணி அது. எந்த நிலப்படத்தில் இதை ஏற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்றாத படம் எங்கள் படமில்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஆய்வு செய்ய வருகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வரவேண்டாம் என்று சொல்லமாட்டேன். வாருங்கள். நாற்காலி போடுகிறவரை முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம் பிள்ளையிடம் கேளுங்கள். எங்கே போகிறாய் என்பதோடு நிறுத்தாதீர்கள். எது உன் வழி இல்லை, யார் சொன்னார்கள், தாண்டினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அதே கேள்வியை ஊர்த்தெருப் பிள்ளையிடமும் கேளுங்கள். கோடு அவனுக்கும் தெரியும். மொழிபெயர்க்கிறவனையும் சந்தேகப்படுங்கள், அவன் வளவுக்காரனாகவே இருந்தாலும். 2009இல் கிடைத்த மூன்று சதவீத உள் ஒதுக்கீட்டில் எங்கள் பிள்ளைகள் கல்லூரிக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அவர்களே தாளைக் கையில் எடுக்கும் நாள் வரும். அதுவரை எழுதுகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அன்றைக்குப் படம் வரைந்த புள்ள இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளைப் பார்த்து, அன்றைக்கு உன் பேச்சை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் கண்ணு என்று சொல்லவேண்டும். இன்னும் சொல்லவில்லை. ஊரிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி அந்த ஆராய்ச்சியாளருக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினேன். நாலு சொல், ஒன்பது வருசம் தாமதம். அந்தத் தெருவில் எங்களை நடக்க விடுவதில்லை என்றுதான் அந்தப் பிள்ளை சொன்னாள் என்று எழுதி அனுப்பினேன்.